ஹாக்ஸ் கிளாரினெட்: பெயர் தெரிந்தது, பிட்சும் தெரிந்தது

ஒருவழியாக என் பழைய கிளாரினெட்டின் மரத்தில் பதித்திருந்த தயாரிப்பாளர் முத்திரையைப் படித்துவிட்டேன்! ஹாக்ஸ் அண்ட் சன், கீழே டென்மன் ஸ்ட்ரீட், பிக்காடில்லி சர்க்கஸ், லண்டன். குன்னூரில் பழைய பேண்டு செட்டுக்காரர் ஒருவர் வீட்டில் வாங்கிய ஆல்பர்ட் சிஸ்டம் (பழைய விரல், சாவி அமைப்பு) இது. முத்திரை இருந்த மேல் மூட்டு (குழலின் மேல் துண்டு) வழவழவென்று தேய்ந்து கிடந்தது.

இருட்டு அறையில் டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் படுக்கவைத்துக் கிளாரினெட்டை மெல்ல உருட்ட வேண்டும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்தால் எழுத்துப் பள்ளத்தின் ஒரு கரையில் மட்டும் நிழல் விழும், அதுவும் ஒரே ஒரு கோணத்தில்தான், கை கொஞ்சம் நகர்ந்தாலும் போய்விடும். சாக்பீஸ் தூள் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை, மரத்தின் ரேகைக்குள்ளும் போய் உட்கார்ந்து இல்லாத எழுத்தையெல்லாம் காட்டும். எண்ணெய் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஹாக்ஸும் பூசி என்ற இன்னொரு லண்டன் நிறுவனமும் 1930இல் இணைந்தன, ஆக இது அதற்கு முந்தியது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பேண்டு கருவி என்றாலே ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதியோ என்ற சந்தேகம் வரும்: ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 452. சுருதி காட்டும் ட்யூனரை மட்டும் நம்ப முடியாது, ஊட்டிக் குளிரில் கருவியே சுருதி இறங்கிவிடும், பத்து பன்னிரண்டு டிகிரி குறைந்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துபோகும். கம்பளிக்குள் வைத்து நிதானமாகச் சூடேற்றிவிட்டுத்தான் ஊதினேன் (உறைபனி நாளில் சில்லிட்ட மரத்தில் சூடான மூச்சு விட்டால் விரிசல்தான்). ட்யூனர் முள் மேலே நின்றது. பக்கத்தில் 440 சுருதியில் உள்ள என் பூசி அண்ட் ஹாக்ஸ் ரீஜென்ட் கிளாரினெட்டை வைத்தால் இது ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை; குழல் குட்டையானால் சுருதி ஏறும். சரி, ஹை பிட்ச்தான். பேரலை (ஊதுவாய்க்குக் கீழே உள்ள குட்டைத் துண்டு) வெளியே இழுத்துச் சுருதியை இறக்கலாம் என்பார்கள், மேல் துளைச் சுரங்கள் மட்டும் கூடுதலாக இறங்கி மொத்தமும் கோணிக்கொள்ளும்.

கீபோர்டோடு சேராது என்று இவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். நம் பாட்டுக்கு எலக்ட்ரானிக் தம்புராவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் முடிந்தது. கமகம் வழுக்குவது ரீஜென்ட்டைவிட இதில்தான் சுகம்.

துளைகளை மூடும் சாவிகளின் பேட் (மெத்தை) இன்னும் மாட்டவில்லை. கோவையில் வாங்கியவை ஒன்றுக்கொன்று தடிமன் வேறு, பாதியைத் திருப்பி அனுப்புகிறேன். அதற்குள் ஒரு ஏ சுருதிக் கிளாரினெட் விற்பனைக்கு இருப்பதாகக் கோத்தகிரியிலிருந்து போன். நீளத்தை அளந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.