சீட்டுக் குலுக்கி அடுக்கிய சதுரங்கம்

சதுரங்கத் தொடக்கங்களில் ஒன்றான சிசிலியன் தற்காப்பின் கிளைகளை எழுதி வைத்திருந்த நோட்டைப் பரணில் ஏற்றிவிட்டேன். இப்போது செல்லூர் வீட்டு மொட்டைமாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, அக்கா மகனோடு சதுரங்கம்-960 ஆடுகிறேன்; பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கி ஆடும் சதுரங்கம்.

முன்னாள் உலகச் சதுரங்க வீரர் பாபி ஃபிஷர் 1996 ஜூனில் புவெனஸ் ஐரிஸில் அறிவித்த ஆட்டம் இது. அதே ஊரில் 1927-ல் காபாபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களில் 32, மறுக்கப்பட்ட ராணி காம்பிட் என்னும் ஒரே தொடக்கத்தில்தான் போயின. மனப்பாடத்தின் மீது ஃபிஷருக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் காரணம் சொல்லாமல் பதினைந்து நகர்த்தல்களை ஒப்பிக்கக் கற்றுக்கொடுப்பது கொடுமை.

அடுக்குவதற்குக் கணினி வேண்டாம். பின்வரிசையின் எட்டுக் கட்டங்களுக்கும் எட்டுச் சீட்டு. வெள்ளைக் கட்டத்தில் ஒன்றும் கறுப்பில் ஒன்றும் மந்திரிகளுக்கு. மிச்ச ஆறில் ஒன்று ராணிக்கு, பிறகு ஐந்தில் இரண்டு குதிரைகளுக்கு. எஞ்சிய மூன்றில் நடுவே ராஜா, இருபுறமும் யானை. 4×4×6×10 என்று பெருக்கினால் 960 வந்துவிடும். கறுப்பும் அதே அடுக்கில் எதிரே நிற்கும்.

சென்ற வாரம் விழுந்த அடுக்கு அருமையானது. வெள்ளையின் இடது மூலையான ஏ1-இலிருந்து எச்1 வரை வரிசையாக ராணி, யானை, ராஜா, குதிரை, குதிரை, யானை, மந்திரி, மந்திரி. வழக்கமான ஆட்டத்தில் எல்லாச் சிப்பாய்க்கும் தொடக்கத்திலேயே காவல் உண்டு. இங்கே ஈ2 சிப்பாய்க்கு யாருமில்லை. கை தானாகவே அதை ஈ3-க்குத் தள்ளியது. அங்கே டி1 குதிரை அதைக் காக்கும். அடுத்து பி2 சிப்பாயை நகர்த்தி மூலையில் கிடந்த ராணிக்கு வழிவிட ஆசை. ஆனால் அந்தச் சிப்பாய்தான் சி1 ராஜாவின் கூரை.

"மாமா, ராஜாவை ஏன் அங்கேயே விடுகிறீர்கள்? கோட்டை கட்டுங்கள்" என்றான். ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம்பெயர்வதுதான் கோட்டை. டி1 குதிரையை விலக்கினேன். விதிப்படி இந்தப் பக்கக் கோட்டையில் ராஜா சி1-இலும் யானை டி1-இலும் சேர வேண்டும். ராஜா ஏற்கெனவே சி1-இல் இருப்பதால் பி1 யானை மட்டும் அவரைத் தாண்டி டி1-இல் போய் நின்றது. அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. விதியைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

இப்போது முதல் நகர்த்தலுக்கு முன்பே காவலில்லாத சிப்பாய் எது, அடைபட்ட மந்திரி எது என்று கண் தேடுகிறது. முன்பு பன்னிரண்டாம் நகர்த்தலுக்குப் பிறகுதான் நான் பலகையைப் பார்க்கவே தொடங்குவேன். இனி ஒரே அடுக்கை வெள்ளையிலும் கறுப்பிலும் மாற்றி ஆடிவிட்டுத்தான் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.