கொதிக்காமலே ஆவியாகும் தண்ணீர்

தண்ணீர் ஆவியாக 100 டிகிரி சூடு வேண்டியதில்லை. எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் வேகம் மிகுந்த மூலக்கூறுகள் பிணைப்பை அறுத்துக்கொண்டு காற்றில் கலக்கின்றன. மிஞ்சிய நீர் குளிர்கிறது. 25 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,440 கிலோஜூல் தேவை. வெயிலை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். நீரை ஒட்டிய காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால், வெளியேறும் அளவே திரும்பியும் வந்துவிடும். அந்த ஈரத்தை அகற்றக் காற்று வீச வேண்டும்.

ஆவியாதலை அளப்பதற்கு வானிலை நிலையங்கள் சுமார் 121 செ.மீ. விட்டமுள்ள, நீர் நிரப்பிய திறந்த 'ஏ' வகைத் தொட்டியை வைக்கின்றன. நீர்மட்டம் 1 மி.மீ. இறங்கினால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் போயிருக்கிறது. மழை பெய்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். தொட்டியின் பக்கச்சுவரும் வெயிலில் சூடாவதால் அளவு கூடுதலாகவே காட்டும். ஏரிக்கு மாற்ற, ஆண்டுக் கணக்கில் சுமார் 0.7 ஆல் பெருக்குவார்கள். பறவைகள் குடித்த நீரும் ஆவிக் கணக்கில் ஏறிவிடும். வலை போடலாம், ஆனால் வலையின் நிழலால் ஆவியாதல் சற்றுக் குறையும்.