கணித சேரின் பேனை

எங்கள் கணித சேரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் பேனை இருக்கும். பார்க்கர் 25. சேரின் அடியைப் பற்றியும் அன்பைப் பற்றியும் இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அந்தப் பேனைதான் நினைவில் நிற்கிறது.

அதன் உடம்பு பின்பக்கத்தில் படி இறங்கியதுபோலச் சட்டென்று மெலிந்திருக்கும். கடைந்தவன் பாதியில் எழும்பிப் போய்விட்டான்போல ஒரு தோற்றம். ஒரு நாள் கொப்பி திருத்திக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

“சேர், இது ஏன் பின்னால மெலிஞ்சு கிடக்கு?”

ஏச்சு விழப்போகிறது என்று வகுப்பே காத்திருந்தது. சேர் மூடியைப் பின்னால் செருகிப் பேனையை என் கையில் தந்தார்.

“தடவிப் பார்.”

மூடியும் உடம்பும் ஒரே மட்டம். ஒரே துண்டு உலோகம்போல விரல் வழுக்கிக்கொண்டு போனது. நகத்தால் சுரண்டினால்தான் பொருத்து தெரிந்தது.

“விளங்கிச்சா? சரி, போய் இரு.”

பல வருடங்கள் கழித்து லண்டனில் பொருள் வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், 1975இல் வெளிவந்த அந்தப் பேனையை வடிவமைத்தவர் கென்னத் கிரேஞ்ச் என்று அறிந்தேன். அப்புறம் பார்த்தால் மனிதர் எங்கும் இருக்கிறார். பாடிங்டனில் நான் ஏறி இறங்கிய இன்டர்சிட்டி 125 ரயிலின் மூக்கு அவருடையது. 1997இல் வந்த லண்டன் டாக்சி அவருடையது. 1958இல் லண்டன் தெருக்களில் முதன்முதலாக நட்ட பார்க்கிங் மீட்டர்கூட அவருடையதுதான்.

1929இல் லண்டனில் ஒரு பொலிஸ்காரரின் மகனாகப் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் படித்து, கட்டாய இராணுவ சேவையில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தவர். கொடாக் கம்பனி அவரிடம் வந்த கதை சுவையானது. ஒரு கண்காட்சியில் அவர்களுடைய கமராக்களை அடுக்கிக் காட்டும் வேலை அவருக்கு. சாமான் இவ்வளவு அசிங்கமாக இல்லாவிட்டால் என் வேலை இன்னும் எடுப்பாக இருக்கும் என்று முணுமுணுத்தாராம். அது உரிய காதில் விழ, கமராவையே வடிவமைக்கச் சொல்லி அழைப்பு வந்தது. வாய் சும்மா இருந்திருந்தால் கதை வேறு.

1960இல் வந்த கென்வூட் செஃப் மாவு பிசையும் மெஷினுக்கு அவருக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். முழு மாதிரி செய்ய நேரமில்லை. பாதியை மட்டும் செய்து, அதைக் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்திக் காட்டினார். மிச்சப் பாதியைக் கண்ணாடி பார்த்துக்கொண்டது!

ரயில் கதையைத்தான் என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பிரிட்டனின் அரச ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரெயில் அவரிடம் கேட்டது வெளிப்பூச்சும் நிறமும் மட்டும்தான். முகமே சரியில்லாமல் பூச்சு எதற்கு என்று நினைத்தவர், யாரும் கேட்காமலே மாதிரிகளைச் செய்து, இம்பீரியல் கல்லூரியில், காற்றை வேகமாக ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார். முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் முட்டுத்தாங்கிகள் (பஃபர்கள்) எதற்கு என்றும் கேட்டார். அன்றாட ஓட்டத்தில் அவற்றுக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் அவை போயின. இணைப்புக் கொழுக்கியும் மூடிக்குள் ஒளிந்தது. 1976இல் மணிக்கு 125 மைல் வேகத்தில் அந்தக் கூர்மூக்கு ரயில் பயணிகளோடு ஓடத் தொடங்கியது.

தையல் மெஷினை வடிவமைத்தபோதும் அவருக்கு அதே கேள்விதான். தைப்பவரின் கை புழங்குவது ஊசிக்கு முன்னால். பின்னால் ஏன் அத்தனை இடம்? மெஷினை அதன் அடித்தட்டில் பின்னுக்குத் தள்ளி முன்பக்கத்தை அகலமாக்கினார்.

இதைப் படித்த காலத்தில் நான் ஒரு போத்தல் மூடி வரைந்துகொண்டிருந்தேன். பளபளவென்று, ஒரு வரிப்பள்ளம்கூட இல்லாத மூடி. கூட்டத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அன்று மாலை கை கழுவிவிட்டு வந்து திறக்கப் பார்த்தேன். ஈரக்கைக்கு அது அசையவே இல்லை. தடவிப் பார் என்று எனக்கு முதலில் சொல்லித்தந்தவரை அந்த நேரம் நினைத்துக்கொண்டேன். மூடியை மறுபடி வரைந்தேன்.

கிரேஞ்ச் 1972இல் வேறு நால்வரோடு சேர்ந்து பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியதும், 2013இல் ‘சேர்’ பட்டம் பெற்றதும் பலரும் அறிந்தவை. (எங்களுக்கு அந்தப் பட்டத்தை எங்கள் ஆசிரியர்கள் எப்போதோ எடுத்துவிட்டார்கள்.) 2024 ஜூலையில், 95 வயதில் அவர் காலமானார்.

செய்தி அறிந்ததும் கணித சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். பேனைக் கதை அவருக்கு நினைவில்லை. பரவாயில்லை. கிரேஞ்ச் தனக்கென்று செய்துவைத்திருந்த புத்தக அலுமாரியைப் பற்றிச் சொன்னேன்: உயிரோடு இருக்கும்வரை அதில் புத்தகம் அடுக்கலாம், அதன் பிறகு அதுவே சவப்பெட்டி.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்.

“அப்ப தம்பி, புத்தகங்களை எங்க வைக்கிறதாம்?”