சணல் கயிற்றில் ஒரு யக்ஷி

மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்தவே முடியாது. கல் இல்லை, மரம் இல்லை, சணல் கயிறு! சாயம் தோய்த்த கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கு வளர்த்துவிடுவார். முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. முடிச்சு போகிற போக்கில் ஒரு மடிப்பு விழும், ஓர் இதழ் விரியும், அப்புறம் பார்த்தால் எதிரில் யக்ஷி நிற்பாள். ஒரு சிற்பம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

1949இல் மும்பையில் பிறந்தவர். அப்பா ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா சிற்பி லீலா முகர்ஜி. பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தார், கைவினையையும் கலையையும் பிரித்துப் பார்க்காத கண் அங்கேதான் வாய்த்தது. செடிகொடிகளும் கோயில் சிற்பங்களும் மீதியைக் கொடுத்தன. பின்னாளில் சுடுமண், வெண்கலம் என்று போனார். எனக்கென்னவோ சணல்தான்.

2019இல் நியூயார்க்கின் மெட் ப்ராயர் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 2015இல், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே போய்விட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.