கல்லூரிக் கல்வி உதவித்தொகை: தமிழ்நாட்டு மாணவர் விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

இளங்கலையையும் முதுகலையையும் உதவித்தொகைகளின் துணையோடு முடித்தவள் நான். அதன்பின் இளைய மாணவர்கள் பலர் விண்ணப்பம் நிரப்பும்போது உடன் அமர்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரையில், ஏற்ற திட்டம் இல்லாததால் உதவி கிடைக்காமல் போனவர்கள் குறைவு. விண்ணப்பித்த பிறகு கல்லூரிச் சரிபார்ப்பிலோ வங்கிக் கணக்கிலோ தடைபட்டு நின்றவர்களே மிகுதி.

தேடலை இணையத்தில் தொடங்குவதைவிட உங்களைப் பற்றிய விவரங்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்தவர் என்றால், மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்கு முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடைக்காது என்பதை இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். பட்டியலினக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) பிரகதி திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. அதற்கான குடும்ப வருமான வரம்பு எட்டு லட்சம்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் மத்திய அரசு தரும் மத்தியத் துறை உதவித்தொகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தகுதியுள்ள பலர் இதைத் தாமாகவே கைவிடுகிறார்கள். அவர்கள் நினைப்பதுபோல் அது கேட்பது 80 விழுக்காடு மதிப்பெண் அன்று. பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் மேல்நிலையில் உள்ள ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குள் நீங்கள் இருக்க வேண்டும் என்பதே விதி. குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாயும் முதுகலையில் 20,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் வேறொரு உதவித்தொகை பெறுபவர் இதைப் பெற இயலாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆகவே எதை எதனோடு சேர்த்துப் பெறலாம் என்பதைக் கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, தொகை மிகுந்ததைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

சான்றிதழ்களைத் தேர்வு முடிவு வெளிவருமுன்பே திரட்டத் தொடங்குங்கள். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என ஒவ்வொருவராகப் பார்த்த பிறகே ஒப்புதல் கிடைக்கும். சேர்க்கைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதால் தாமதம் இயல்பு. மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் உள்ளனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பெழுத்து ஓர் இடத்தில் முன்னும் மற்றோர் இடத்தில் பின்னும் இருப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். கணினிச் சரிபார்ப்புக்கு அது வேறொருவர் பெயர்.

வங்கிக் கணக்கில்தான் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் ஆதார் எண்ணைப் பின்பற்றிச் செல்வதால், கடைசியாக எந்தக் கணக்கை ஆதாருடன் இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்கே பணம் போகும். பள்ளிக் காலத்தில் தொடங்கிப் பயன்படுத்தாமல் விட்ட கணக்கு அதுவாக இருந்து, முடங்கியும் போயிருந்தால் தொகை திரும்பிவிடும். எந்த வங்கி இணைப்பில் உள்ளது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிட்டு, தேவையானால் வங்கிக்குச் சென்று மாற்றிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் அது நகரும். கல்லூரிக்கும் தனியாக ஒரு கடைசி நாள் உண்டு. ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை நிலையைப் பார்த்து, குறை சுட்டித் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் உடனே திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும். பொறுப்பாசிரியரிடம் போய்க் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களுக்கிடையே, விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பணிவோடு கேட்கும் மாணவரின் கோப்பு விரைவில் கண்ணில் படும்.

புதுப்பித்தலை ஒவ்வோர் ஆண்டும் செய்தாக வேண்டும். மத்தியத் துறை உதவித்தொகையைத் தொடர 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும் என்பதால், பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்கள் வருகைப்பதிவைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தனியார் அறக்கட்டளைகளிடமும் தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் உதவித்தொகை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடமும், கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்பவரிடமும் அந்த நொடியே பேச்சை நிறுத்திவிடுங்கள்.