வாடைக்காற்றோடு வந்தவை

ஒக்டோபர் 17
இரவு முழுவதும் மழை. விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். "தம்பி, குசினிக்குள் ஒரு பச்சைக் குருவி. பூனை பார்க்கமுதல் வாருங்கள்."

அரிசி வாளிக்கும் சுவருக்கும் நடுவில் ஆறுமணிக்குருவி ஒன்று ஒடுங்கி நின்றது. இமயமலை அடிவாரத்துக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரிக்கு இங்கே திருகோணமலைப் பக்கம் வரும் பறவை. இரவில் பறப்பதால் விளக்கு வெளிச்சத்தில் மயங்கி வீடுகளுக்குள் வந்து விழும். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கண்ணை மூடிக் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைக் கோடு, பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், அடிவயிற்றில் செக்கச்சிவப்பு. "இவ்வளவு நிறத்தையும் கொடுத்த கடவுள் வாலில் ஏன் கஞ்சத்தனம் பார்த்தார்?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான்.

துளையிட்ட அட்டைப்பெட்டியில் மத்தியானம் வரை இருட்டில் வைத்திருந்து, பின்வளவில் திறந்துவிட்டேன். பறக்கவில்லை. தத்திப் போய் வாழைச் சருகைக் கிளறத் தொடங்கியது. பூனை இன்று முழுவதும் அறைக்குள் சிறை.

நவம்பர் 9
நிலாவெளிப் பக்கத்து உப்பளக் காவலாளி தொலைபேசி எடுத்தார். "ஊத்தைக் கொக்கு ஒன்று நிற்கிறது. கால் இரண்டும் ஈர்க்குப் போல." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

இளம் பூநாரை! மன்னாரில் கூட்டமாகப் பார்க்கலாம். இங்கே தனியாக ஒன்று. ரோசா நிறம் பிறப்பில் வருவதில்லை, உவர்நீர்ப் பாசியையும் கூனி போன்ற சிற்றுயிர்களையும் தின்றுதான் ஏறும். இது இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. இரண்டு காலாலும் சேற்றை மிதித்துக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்க நீரை வடித்தது. எப்போதாவது நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்கும், பிறகு மறுபடியும் மிதிக்கும்.

நவம்பர் 12
செய்தி எப்படியோ பரவிவிட்டது. இரண்டு இளைஞர்கள் ட்ரோன் கொண்டுவந்து அதன் தலைக்கு மேலே சுற்றவிட்டிருக்கிறார்கள். பாவம், பாத்தி பாத்தியாக ஓடியதாம். "படம் மட்டும்தானே எடுத்தோம்" என்று காவலாளியிடம் சொன்னார்களாம். நெடுந்தூரம் பறந்துவந்து பசியாற நிற்பதைத் துரத்தி எடுத்த படத்தில் என்ன அழகு? இனி இடத்தை யார் கேட்டாலும் என் வாயிலிருந்து வராது.

நவம்பர் 20
மழை. எழுத ஒன்றுமில்லை. கடல் அடிக்கிறது, நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்கு வள்ளமும் போகாது. அந்தப் பாறைகளில் வாழும் காட்டு மாடப்புறாவை இலங்கையில் மிகச் சில இடங்களில்தான் காணலாம். தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. போகிறவர்கள் எல்லோரும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பவளப்பாறை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

டிசெம்பர் 3
இரண்டு நாட்களாகக் காற்று. 2020இல் இதே நாட்களில், டிசெம்பர் 2ஆம் திகதி, புரெவிப் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. அதனால் எல்லோருக்கும் ஒரு கண் வானத்தில்.

கொட்டியாரக் குடாக் கரையில் கரைவலைக்காரப் பெரியவர் ஒருவர் மேலே கை காட்டினார். கறுத்த உடம்பு, வளைந்த ஒடுங்கிய சிறகு, கவட்டை வால். பிரிகேட் பறவை! நடுக்கடலில் திரிவதைக் காற்று இங்கே தள்ளிவிட்டிருக்கிறது. கடற்பறவைதான், ஆனால் இறகு நீரில் ஊறிவிடும் என்பதால் கடலில் இறங்கி உட்காராது. ஆலா என்ற சிறிய கடற்பறவை ஒன்று மீனோடு எழுந்ததும் அதை விரட்டியது. மீன் நழுவியதும் தண்ணீரைத் தொடுமுன் அந்தரத்தில் கவ்விக்கொண்டது. "சம்மாட்டி வேலை பார்க்கிறது" என்று, மற்றவர் பிடிப்பில் பங்கெடுக்கும் வலை முதலாளியை நினைத்துப் பெரியவர் சிரித்தார். அவருடைய வலையில் இன்று சூடை மீன் கொஞ்சம்தான்.

டிசெம்பர் 7
உப்பளத்தில் மழைநீர் வரம்பை மூடிவிட்டது. பூநாரையைக் காணவில்லை. நேற்றுக் காலை கரையோரமாக வடக்கே பறந்ததாகக் காவலாளி சொல்கிறார். அப்படியானால் கொக்கிளாய்க் களப்பாக இருக்கலாம். 1951இலேயே சரணாலயமாக்கப்பட்ட இடம், ஆழமில்லாத நீரும் உண்டு. ஞாயிறு புல்மோட்டை பஸ்ஸில் போகிறேன். காவலாளியும் வருகிறார், தன் சோற்றுப் பார்சலைத் தானே கொண்டுவருவாராம்.