ஒப்படைப்பை மாற்றி எழுதிய அனுபவம்

சென்னையில் நான் பணிபுரியும் தன்னாட்சிக் கல்லூரியில், மாணவர்கள் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிய ஒப்படைப்புகளையே (அசைன்மென்ட்) சமர்ப்பிக்கிறார்கள் என்ற புகார் பெருகியபோது, சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை முதல்வர் எனக்குக் கொடுத்தார். முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் கேட்டது, இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்பதுதான்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, அந்நிறுவனத்தின் சோதனையிலேயே, இயந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அடையாளம் கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மீது தவறாகச் சந்தேகம் எழுப்பியது. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகும் பலருக்கு மனம் ஒப்பவில்லை.

அந்த வாரமே, பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்த ஒரு மாணவியின் கட்டுரையை இயந்திரம் எழுதியது என ஒரு கருவி காட்ட, அவர் தம் ரஃப் நோட்டுடன் ஆசிரியர் அறைக்கு வந்தார். வாக்கியங்களை முதலில் தமிழில் எழுதி, வரிகளுக்கு இடையே பென்சிலால் ஆங்கிலத்தில் பெயர்த்து, அடித்துத் திருத்தியிருந்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்த ஆசிரியை மதிப்பெண்ணைத் திருத்தியதோடு, அடுத்த கூட்டத்தில் தாமே எழுந்து இதைச் சொன்னார். அதன் பின் மென்பொருள் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அடுத்து, ஒவ்வொருவரையும் தம் கேள்வியைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, வந்த விடையைத் திருத்தச் சொன்னேன். வணிகவியல் ஆசிரியர் ஒருவர் 15க்கு 12 போட்டுவிட்டுக் கேள்வியை மாற்றத் தொடங்கினார். பணவீக்கத்தை விளக்குக என்றிருந்தது, வீட்டுக்கு அருகிலுள்ள மூன்று கடைகளில் இரண்டு வாரம் காய்கறி விலையைக் குறித்து ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் சொல்க என்றானது. வரலாற்றுத் துறையில், பழைய மதராஸ் பற்றிச் சாட்ஜிபிடி தந்த நூற்பட்டியலுடன் மாணவர்களை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பினோம். பட்டியலிலிருந்த சில நூல்கள் எழுதப்படவே இல்லை என்பதை அவர்களே தேடித் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

ஒப்படைப்பில் எழுதியதைப் பற்றி ஒவ்வொரு மாணவரிடமும் நேரில் கேட்கும் வாய்மொழித் தேர்வுதான் உண்மையில் கடினமாக இருந்தது. 60 பேருக்குத் தலா மூன்று நிமிடம் என்றாலும் மூன்று மணி நேரம் வேண்டும். அதை ஆசிரியர்களின் ஓய்வு வேளையிலிருந்து எடுப்பது நியாயமில்லை என்று முதல்வரிடம் வாதாடினேன். அந்த நேரத்தை ஈடுகட்ட, இந்தப் பருவத்திலிருந்து, ஒரு பாடத்துக்கு இரண்டு ஒப்படைப்புகளுக்குப் பதில் ஒன்று போதும் என்று அனுமதித்திருக்கிறார்.